உலக விவகாரம் பேசும் மூன்று மன்றங்கள்: எதில் சேரலாம்?

1919-இல் பாரிஸ் அமைதி மாநாட்டுக்குப் போன பிரிட்டிஷ், அமெரிக்கப் பிரதிநிதிகள் சிலர், இரு நாட்டுக்கும் பொதுவாக ஒரு மன்றம் தொடங்கலாம் என்று பேசினார்கள். அது கூடிவரவில்லை. லண்டனில் 1920-இல் சாட்டம் ஹவுஸும், நியூயார்க்கில் 1921-இல் வெளியுறவுக் கவுன்சிலும் தனித்தனியாகப் பிறந்தன. இவற்றோடு, அமெரிக்க நகரங்களில் இயங்கும் உலக விவகாரக் கவுன்சில்களையும் சேர்த்துப் பார்க்கலாம். மூன்றும் லாப நோக்கமற்றவை, உறுப்பினர்களைக் கொண்டு நடப்பவை. ஆனால் யாரை உள்ளே விடுகிறார்கள் என்பதில் நிறைய வித்தியாசம் உண்டு.

நியூயார்க் கவுன்சிலில் சந்தா கட்டினால் மட்டும் சேர முடியாது. உறுப்பினர் ஒருவர் முன்மொழிய வேண்டும், வேறு சிலர் பரிந்துரைக்க வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை இருக்க வேண்டும், அல்லது அதற்கு விண்ணப்பித்த நிரந்தரவாசியாக இருக்க வேண்டும். வெளியுறவுத் துறையே தொழில் என்பவர்களுக்குச் சரி. மற்றவர்களுக்கு அதன் காணொலிகளே போதும்.

சாட்டம் ஹவுஸில் தனிநபரும் உறுப்பினராகலாம். 1931-இல் காந்தி லண்டன் போனபோது அங்கே பேசியிருக்கிறார். அதன் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது 1927-இல் வகுத்த விதி: கூட்டத்தில் கேட்டதை வெளியே சொல்லலாம், யார் சொன்னார் என்பதையும் அவர் எந்த அமைப்பைச் சேர்ந்தவர் என்பதையும் சொல்லக்கூடாது. அங்கே எல்லாக் கூட்டமும் இப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், ‘இந்த விதிப்படி நடக்கும்’ என்று அறிவித்த கூட்டங்களுக்கு மட்டும்தான் இது பொருந்தும். பதவியில் இருப்பவர் மனம் விட்டுப் பேச இந்த விதி உதவுகிறது. ஆனால், ‘இப்படிச் சொன்னாரே, இப்போது என்ன ஆயிற்று?’ என்று நாளைக்கு ஒரு குடிமகன் வெளியே கேட்க முடியாது. எனக்கு இது பெரிய குறை.

என் ஓட்டு அமெரிக்க நகரங்களின் உலக விவகாரக் கவுன்சில்களுக்குத்தான். சந்தா கட்டினால் யாரும் சேரலாம், பல கூட்டங்களுக்கு உறுப்பினர் அல்லாதவர்களும் வரலாம். வரிவிலக்கு பெற்ற அமைப்புகள் என்பதால், தேர்தலில் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ சட்டம் இடம் தராது. சொற்பொழிவை விட எனக்குப் பிடித்தது, இவற்றில் பல நடத்தும் ‘கிரேட் டிசிஷன்ஸ்’ கலந்துரையாடல். வெளியுறவுக் கொள்கைச் சங்கம் என்ற அமெரிக்க அமைப்பு 1954-இல் தொடங்கியது இது. வருடத்துக்கு எட்டுத் தலைப்பு, அதற்கென்று ஒரு புத்தகம். ஒரு அத்தியாயத்தைப் படித்துவிட்டு வந்து, சின்னக் குழுவாக உட்கார்ந்து பேச வேண்டும். பெரிய அரங்கில் கேள்வியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால், நெறியாளர் அதை எடுப்பாரா என்பதே சந்தேகம். எடுத்தாலும் கூர்மையை மழுக்கிவிட்டு வாசிப்பார். பத்துப் பேர் உட்காரும் மேசையில் உங்கள் கேள்வியை நீங்களே கேட்கலாம், பதில் போதாது என்றால் மறுபடியும் கேட்கலாம்.

குறையும் இருக்கிறது. எல்லா ஊர்க் கவுன்சிலும் ஒரே தரம் இல்லை. அதனால் பேச்சாளர் பட்டியலை மட்டும் பார்த்துச் சந்தா கட்டாதீர்கள். ஒரு கூட்டத்துக்குப் போய், கேள்விக்கு எத்தனை நிமிடம் ஒதுக்குகிறார்கள் என்று பாருங்கள். ஒரு மணி நேரத்தில் பத்து நிமிடம்தான் என்றால், அப்புறம் யோசித்துச் சேருங்கள்.