ஷாக் நோயாளிக்கு எதை முதலில் பார்ப்பது: ஐவிசியா, ரஷ்ஷா, விடிஐயா?

ஷாக் என்றால் உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் போதாத நிலை. ரத்த அழுத்தம் 80/50. கைகால் சில்லிட்டிருக்கிறது, காரணம் தெரியவில்லை. அல்ட்ராசவுண்ட் கருவி கட்டிலருகே நிற்கிறது. புரோபை (உடலில் வைக்கும் ஸ்கேன் முனையை) எங்கே வைப்பது என்பதில் மூன்று வழக்கங்கள் உண்டு.

பலரும் முதலில் தேடுவது ஐவிசி எனும் கீழ்ப் பெருஞ்சிரையை. ஒரு நிமிட வேலை. வலது ஏட்ரியத்தில் (இதய மேலறையில்) சேரும் இடத்திலிருந்து சுமார் 2 செ.மீ. தள்ளி அளக்க வேண்டும். 2.1 செ.மீ.க்குள் இருந்து, மூச்சிழுக்கும்போது பாதிக்கு மேல் சுருங்கினால் ஏட்ரிய அழுத்தம் குறைவு; அதற்கு மேல் அகன்று, அவ்வளவு சுருங்காமல் நின்றால் அதிகம். அது சொல்வது அவ்வளவுதான். ‘சுருங்குகிறது, சலைன் ஓட்டு’ என்பது நாமாகச் சேர்த்துக்கொண்டது. ஆரோக்கியமானவருக்கும் ஐவிசி சுருங்கும். டாம்பொனாட் (இதயத்தைச் சுற்றிய நீர் அதை அழுத்துவது), டென்ஷன் நிமோதோரக்ஸ் (நுரையீரலுக்கு வெளியே காற்று சேர்ந்து அழுத்துவது), பெரிய பல்மனரி எம்பாலிசம் (நுரையீரல் தமனியில் ரத்த உறைவு அடைப்பு) மூன்றிலும் அது ஒரே மாதிரி உப்பி நிற்கும். வென்டிலேட்டர் நோயாளிக்குக் காற்று உள்ளே போகையில் விரியும் என்பதால் இந்தக் கணக்கே செல்லாது. அயோர்ட்டாவை (பெருந்தமனியை) ஐவிசி என்று அளந்துவிடுவதும் சகஜம். ஏட்ரியத்துக்குள் திறப்பதைக் கண்ணால் பார்க்காமல் அளக்காதீர்கள்.

ரஷ், அதாவது ஷாக்குக்கான விரைவு அல்ட்ராசவுண்ட் முறை, கேட்கும் கேள்வியே வேறு: எந்த வகை ஷாக்? 2010-இல் விரிவாக எழுதப்பட்ட வடிவத்தில் பம்ப் (இதயம்), தொட்டி (உடலின் ரத்த அளவு), குழாய் (பெரிய ரத்தக்குழாய்கள்) என்று மூன்று படி. பம்பில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். இதயத்தைச் சுற்றி நீர் தெரிந்தால் அது இறங்கு அயோர்ட்டாவுக்கு முன்னாலா பின்னாலா என்று பாருங்கள்: முன்னால் என்றால் பெரிகார்டியத்தில் (இதய உறையில்), பின்னால் என்றால் இடது ப்ளூராவில் (நுரையீரல் உறையில்). வலது வென்ட்ரிக்கிள் (இதயக் கீழறை) இடதைவிடப் பெரிதாகத் தெரிந்தால் எம்பாலிசத்தைச் சந்தேகிக்கலாம். ஆனால் அதன் சுவர் 5 மி.மீ.க்கு மேல் தடித்திருந்தால் பழைய நுரையீரல் நோயாக இருக்கலாம். தொட்டியில் ஐவிசி, வயிற்று ரத்தக்கசிவு, நுரையீரல். குழாயில் 3 செ.மீ.க்கு மேல் வீங்கிய அயோர்ட்டா, தொடைச் சிரையில் ரத்த உறைவு. பெரிட்டோனியத்துக்கு (வயிற்றறை உறைக்கு) பின்னால் கசியும் ரத்தம் பெரும்பாலும் இதில் சிக்காது.

இத்தனை பார்த்தும், 2018-இல் வெளியான ஷாக்-இடி ஆய்வில் 273 பேரில், ஸ்கேன் செய்த பிரிவுக்கும் செய்யாத பிரிவுக்கும் உயிர்பிழைப்பில் வித்தியாசம் தெரியவில்லை. செப்சிஸ் (கடுமையான தொற்று பாதிப்பு) என்று பார்த்தவுடனே தெரியும் நோயாளிக்கு ஸ்கேன் புதிதாக என்ன சொல்லிவிடும்? டாம்பொனாட் ஒன்று கிடைத்தால் கதை வேறு.

சலைன் பலிக்குமா என்ற கேள்விக்கு விடிஐதான் நம்பகமானது; ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்திலிருந்து வெளியேறும் ரத்தம் செல்லும் தூரத்தை அது காட்டும். இதய முனையிலிருந்து பார்க்கும் அபிகல் ஐந்தறை வியூவில், அயோர்ட்டிக் வால்வுக்குச் சற்றுக் கீழே, ரத்தத்தின் வேகத்தை அளக்கும் பல்ஸ்டு டாப்ளர் வைக்க வேண்டும். இயல்பு 18 முதல் 22 செ.மீ. 45 டிகிரி சாய்ந்திருப்பவரின் உடலைக் கிடத்திக் கால்களை 45 டிகிரி உயர்த்தினால் சுமார் 300 மி.லி. ரத்தம் இதயத்துக்குத் திரும்பும். ஒரு நிமிடத்துக்குள் மறுபடி அளந்து 10 முதல் 15 சதவீதம் கூடினால் சலைன் பலிக்கும். டாப்ளர் கோடு 20 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் அளவு குறைத்துக் காட்டும். இரண்டு முறையும் ஒரே இடத்தில் வைக்காவிட்டால் வரும் வித்தியாசம் உங்கள் கையுடையது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் (ஒழுங்கற்ற இதயத் துடிப்பில்) பல துடிப்புகளின் சராசரி வேண்டும்.

ஆகவே ரஷ்ஷின் இதயப் பகுதி முதலில், விடிஐ அடுத்து. ஐவிசி கூடுதல் சாட்சி மட்டுமே. விடிஐ கூடினாலும் நுரையீரல் எங்கும் பி-கோடுகள் (நுரையீரலில் நீர் சேர்ந்ததைக் காட்டும் ஸ்கேன் கோடுகள்) நிறைந்திருந்தால் சலைனைக் கூட்டாமல், ரத்த அழுத்தத்தை உயர்த்தும் மருந்தான நோராட்ரீனலினை நோக்கிப் போவது மேல்.