ஓடும் டாஸ்க் தன்னைப் பற்றி என்ன சொல்கிறது? இ.சி.எஸ். பதிவும் குபெர்னெட்டிஸ் பதிவும்

நிரலையும் அதற்குத் தேவையானவற்றையும் சேர்த்துக் கட்டி ஓட்டும் கன்டெய்னர் ஒன்று நள்ளிரவில் நின்றுபோகிறது. அதன் இடத்தில் புதியது ஒன்று ஏறிக்கொள்கிறது. பயனர் எவரும் உணர்வதற்குள் வேலை தொடர்கிறது. காலையில் வந்து அமர்பவருக்கு மூன்று கேள்விகள் காத்திருக்கின்றன. நிறுத்தியது யார்? எத்தனை மணிக்கு? நிற்பதற்கு முன்பே அதற்கு ஏதேனும் கோளாறு இருந்ததா?

விடையை, நிரல் ஓடும்போது எழுதிவைக்கும் லாக்கில் தேடுவதுதான் எல்லோருக்கும் வழக்கம். ஆனால் உடனடியாகக் கொல்லும் சிக்கில் (SIGKILL) சிக்னல் வாங்கி விழுந்த நிரலுக்குக் கடைசி வரியை எழுதவே நேரம் கிடைப்பதில்லை. அப்போது மிஞ்சும் ஒரே சாட்சி, அந்த டாஸ்க்கைப் பற்றி மேகச் சேவை வைத்திருக்கும் பதிவுதான். கன்டெய்னர்களை இயக்கி நிர்வகிக்கும் அமேசான் இ.சி.எஸ். சேவை, இப்படி ஓடும் அலகை டாஸ்க் என்கிறது. அதே வேலையைச் செய்யும் திறந்தமூல மென்பொருளான குபெர்னெட்டிஸ் பாட் என்கிறது. இரண்டும் ஒன்றாக ஓடும் சில கன்டெய்னர்களின் தொகுப்பே. விலை, வசதி, கற்கும் கடினம் என்று இவற்றை ஒப்பிட்டவர்கள் ஏராளம். நான் ஒப்பிட விரும்புவது வேறொன்றை: இந்த இரண்டு பதிவுகளில் எது கூடுதலான உண்மையைச் சொல்கிறது?

ரன்னிங் என்ற சொல்

முதலில் ஏமாற்றுவது இந்தச் சொல்தான். இ.சி.எஸ். டாஸ்க்குக்கு இரண்டு நிலைகள் உண்டு. டிசையர்டு ஸ்டேட்டஸ் என்பது அது எப்படி இருக்க வேண்டும் என்ற கட்டளை. லாஸ்ட் ஸ்டேட்டஸ் என்பது அதைப் பற்றிக் கடைசியாகத் தெரிந்த நிலை. ‘கடைசியாகத் தெரிந்த’ என்பதை அழுத்திப் படிக்க வேண்டும். டாஸ்க் ஓடும் இயந்திரத்திலிருந்து நிலையைத் தெரிவிக்கும் ஏஜென்ட்டின் தொடர்பு அறுந்தால், ரன்னிங் என்று காட்டுவது பழைய செய்தியாக இருக்கலாம். அதனால்தான் கனெக்டிவிட்டி என்ற பண்பு தனியாக வைக்கப்பட்டிருக்கிறது. அதையும் சேர்த்துப் பார்க்காமல் நிலையை நம்பக் கூடாது.

டாஸ்க்கின் பயணம் படிப்படியாகவே விவரிக்கப்படுகிறது: புரொவிஷனிங், பெண்டிங், ஆக்டிவேட்டிங், ரன்னிங், பிறகு டீஆக்டிவேட்டிங், ஸ்டாப்பிங், டீபுரொவிஷனிங், ஸ்டாப்டு. எந்தப் படியில் நிற்கிறது என்பதே பாதி நோயறிதல். புரொவிஷனிங்கிலேயே தங்கிவிட்டதா, நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் கிடைத்ததா என்று பாருங்கள். பெண்டிங்கில் தங்கிவிட்டதா, கன்டெய்னருக்கு மூலமான இமேஜ் இறங்குகிறதா என்று பாருங்கள்.

பாட் பதிவில் ஃபேஸ் என்ற பண்புக்கு ஐந்தே மதிப்புகள்: பெண்டிங், ரன்னிங், சக்சீடட், ஃபெயில்டு, அன்னோன். அதிலும் ரன்னிங் மிகத் தளர்வான சொல். ஒரு கன்டெய்னராவது ஓடினாலோ, தொடங்கிக்கொண்டிருந்தாலோ, மறுபடி தொடங்கிக்கொண்டிருந்தாலோகூட ஃபேஸ் ரன்னிங்தான். விழுந்து எழுந்து விழும் பாட் ஒன்றும் ரன்னிங் என்றே கணக்கில் இருக்கும். கட்டளைத் திரையில் தெரியும் கிராஷ்லூப்பேக்ஆஃப் என்பது ஃபேஸ் அல்ல. கன்டெய்னர் காத்திருப்பதற்கான காரணம். ஃபேஸை மட்டும் பார்த்து எச்சரிக்கை எழுப்பும் நிரலை எழுதியவர்கள் இந்த வேறுபாட்டில் சறுக்கியதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆனால் குபெர்னெட்டிஸ் இந்தக் குறையைக் கண்டிஷன்களால் ஈடுசெய்கிறது. இயந்திரம் ஒதுக்கப்பட்டதா, தொடக்கக் கன்டெய்னர்கள் முடிந்தனவா, எல்லாக் கன்டெய்னர்களும் தயாரா, பாட் கோரிக்கையை ஏற்கத் தயாரா என்பவை தனித்தனி ஆம், இல்லை விடைகள்; ஒவ்வொன்றும் எப்போது மாறியது என்ற நேரமும் உண்டு. ‘ஓடுகிறது’, ‘தயாராக இருக்கிறது’ என்ற இரண்டையும் பிரித்துச் சொல்வது இங்கேதான். இ.சி.எஸ். டாஸ்க்கில் இதற்கு நெருங்கியது ஹெல்த் ஸ்டேட்டஸ் ஒன்றே. டாஸ்க் வரையறையில் நலச் சோதனை எழுதாவிட்டால் அது அன்னோன் என்றே இருக்கும். டாக்கர் இமேஜுக்குள் எழுதிய நலச் சோதனையை இ.சி.எஸ். கண்காணிப்பதில்லை. எங்கள் குழு இமேஜில் அக்கறையாக எழுதி வைத்த சோதனை மாதக்கணக்கில் எவராலும் பார்க்கப்படாமல் கிடந்தது. வரையறையில் அதைச் சேர்க்க மறந்தது நாங்கள்தான்.

137 என்ற எண்ணுக்கு இரண்டு பொருள்கள்

வெளியேற்றக் குறியீடு 137 என்றால் பலரும் உடனே ‘நினைவகம் போதவில்லை’ என்று முடிவுகட்டி, அளவை இரட்டிப்பாக்கிவிடுகிறார்கள். 137 என்பது 128 உடன் 9-ஐக் கூட்டியது, அவ்வளவுதான். ஒன்பதாம் சிக்னலான சிக்கில் வந்தது என்று மட்டுமே அது சொல்கிறது. நினைவக வரம்பைத் தாண்டியதற்காக இயங்குதளத்தின் மையமான கெர்னல் அனுப்பியிருக்கலாம். அல்லது, முறைப்படி நிறுத்தச் சொல்லி வந்த சிக்டெர்மை நிரல் கவனிக்காததால், பொறுத்துப் பார்த்த பின் அனுப்பப்பட்டிருக்கலாம். இரண்டுக்கும் மருந்து வேறு.

இந்த இடத்தில் இ.சி.எஸ். பதிவு அருமையானது என்று மனமாரச் சொல்வேன். ஸ்டாப் கோடு என்ற பண்பு நிறுத்தத்தின் வகையைச் சொல்கிறது: டாஸ்க் தொடங்கவே முடியவில்லை, இன்றியமையாத கன்டெய்னர் வெளியேறியது, பயனர் நிறுத்தினார், டாஸ்க்குகளின் எண்ணிக்கையைக் காக்கும் சர்வீஸ் ஷெட்யூலர் நிறுத்தியது, குறைந்த விலைக்குக் கிடைத்த ஸ்பாட் இடம் திரும்பப் பெறப்பட்டது. ஸ்டாப்டு ரீசன் அதை வாக்கியமாக விரிக்கிறது. கன்டெய்னர் அளவில் தனிக் காரணமும் வெளியேற்றக் குறியீடும் உண்டு. நினைவகம் மீறியிருந்தால் அவுட்ஆஃப்மெமரிஎர்ரர் என்று அங்கே எழுதியிருக்கும்.

அதற்கும் மேலாக நான் மதிப்பது நேரமுத்திரைகளை. டாஸ்க் உருவான நேரம், இமேஜ் இறங்கத் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், ஓடத் தொடங்கிய நேரம், நிறுத்தம் தொடங்கிய நேரம், செயல் நின்ற நேரம், முழுதாக நின்ற நேரம் என்று ஏழு புள்ளிகள் ஒரே பதிவில் இருக்கின்றன. கழித்தல் கணக்குத் தெரிந்தால் போதும். கோரிக்கைகளைப் பங்கிட்டு அனுப்பும் லோட் பாலன்சரின் பின்னால் இல்லாத ஒரு டாஸ்க், நிறுத்தம் தொடங்கியதற்கும் செயல் நின்றதற்கும் இடையே ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 30 வினாடிகள் எடுக்கிறதா? 30 வினாடி என்பது ஸ்டாப் டைம்அவுட்டின், அதாவது சிக்டெர்முக்கும் சிக்கில்லுக்கும் இடையிலான அவகாசத்தின், இயல்பு மதிப்பு. அப்படியானால் நிரல் சிக்டெர்மைக் காதில் வாங்கவே இல்லை. நினைவகத்தைக் கூட்டுவது வீண் செலவு. இயந்திர நிர்வாகத்தை அமேசானே பார்த்துக்கொள்ளும் ஃபார்கேட்டில் இந்த அவகாசத்தை 120 வினாடிவரை நீட்டலாம். சிக்னலையே கேட்காத நிரலுக்கு நீட்டியும் பயனில்லை.

பாட் பதிவில் நினைவக மீறல் ஊம்கில்டு என்று தெளிவாகவே வரும். ஆனால் நேரக் கணக்கு சிதறிக் கிடக்கிறது. இமேஜ் இறங்க எவ்வளவு நேரம் ஆனது என்பது பாட் பதிவிலேயே இல்லை. அது, நடந்தவற்றைக் குறிக்கும் தனிப் பதிவான ஈவென்ட்டில் ஒரு வாக்கியமாக வருகிறது. பாட் பதிவின் ஸ்டார்ட் டைம், ஒவ்வொரு இயந்திரத்திலும் ஓடும் குபெர்னெட்டிஸ் ஏஜென்ட்டான கியூப்லெட் அதை ஏற்றுக்கொண்ட கணம். கன்டெய்னர் ஓடத் தொடங்கிய கணம் அல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு ‘எங்கள் சேவை தொடங்க இவ்வளவு நேரம்’ என்று வரைபடம் போட்டால் அது பிழையான வரைபடம்.

மறுபிறவியும் ஒரே உடலும்

மூன்றாவது கேள்வியில், அதாவது முன்பே கோளாறு இருந்ததா என்பதில், தராசு மறுபக்கம் சாய்கிறது. இ.சி.எஸ். முறையில் இன்றியமையாத கன்டெய்னர் விழுந்தால் டாஸ்க் முழுவதும் முடிந்தது. சர்வீஸ் புதிய டாஸ்க்கைத் தொடங்கும். அதற்குப் புதிய அடையாளம், வெறும் கை. முந்தைய பத்து டாஸ்க்குகளும் இதே காரணத்தால் விழுந்தன என்பது பதினோராவதின் பதிவில் ஒரு வரியாகக்கூட இருக்காது. ஸ்டார்ட்டட் பை, குரூப் ஆகிய பண்புகளை வைத்து ஒரே சர்வீஸின் டாஸ்க்குகளை நாமே கோத்துப் பார்க்க வேண்டும். கன்டெய்னரை மட்டும் மறுபடி தொடங்கும் கொள்கை 2024-இல்தான் வந்தது.

பாட் அப்படியில்லை. அதே பாட், அதே அடையாளம், உள்ளே கன்டெய்னர் மட்டும் எழுந்து வருகிறது. ரீஸ்டார்ட் கவுண்ட் எத்தனை முறை என்று எண்ணி வைக்கிறது. லாஸ்ட் ஸ்டேட் முந்தைய பிறவி எப்படி முடிந்தது என்று சொல்கிறது. இறக்கும் நிரல் தன் கடைசிச் சொல்லை ஒரு கோப்பில் எழுதினால், 4096 பைட்வரை அது பதிவிலேயே சேர்க்கப்படும். நினைவகம் மெல்லக் கசிந்து நாளுக்கு மூன்று முறை விழும் சேவையைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது: மறுதொடக்க எண்ணிக்கையால் வரிசைப்படுத்துங்கள், மேலே நிற்கும்.

எந்தப் பதிப்பு ஓடுகிறது என்பதில் இரண்டும் ஏறக்குறைய சமம். டாஸ்க் தன் வரையறையின் திருத்த எண்ணைச் சுட்டுகிறது. தொடங்கும்போது மாற்றியவற்றை ஓவர்ரைட்ஸ் பகுதியில் வைத்திருக்கிறது. பாட் தன் முழு வரையறையையும் தானே சுமக்கிறது. இரண்டிலும் இமேஜின் பெயர்ச்சீட்டான டேக்கை நம்பாதீர்கள். லேட்டஸ்ட் என்ற டேக் நேற்று ஒன்றையும் இன்று வேறொன்றையும் குறிக்கலாம். இமேஜின் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்படும் டைஜஸ்ட்டைப் பாருங்கள்.

உள்ளே ஓடும் நிரல் தன்னைத் தானே அறிய, இ.சி.எஸ். ஒரு மெட்டாடேட்டா முகவரியைச் சூழல் மாறியாகத் தருகிறது. கேட்டால் பதில் வரும். குபெர்னெட்டிஸ் டவுன்வார்டு ஏபிஐ மூலம் எது வேண்டும் என்பதை முன்கூட்டியே வரையறையில் எழுதச் சொல்கிறது. முதலாவது எளிது.

இரண்டின் பெரிய பலவீனமும் ஒன்றே: மறதி. நின்றுபோன இ.சி.எஸ். டாஸ்க், விவரம் கேட்டால் குறைந்தது ஒரு மணி நேரத்துக்குக் கிடைக்கும். அதற்குப் பின் உறுதியில்லை. குபெர்னெட்டிஸ் ஈவென்ட்டுகளின் இயல்பு ஆயுளும் ஒரு மணி நேரம்தான். இயந்திர நெருக்கடியால் வெளியேற்றப்பட்ட பாட், ஃபெயில்டு என்ற நிலையில் பதிவாகத் தங்கும். ஆனால் நீக்கப்பட்ட பாட், தன் மறுதொடக்க வரலாற்றையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. நள்ளிரவில் விழுந்ததைக் காலையில் தேடுபவருக்கு இரண்டுமே கைவிரிக்கும்.

என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், ஒருமுறை ஓடி முடியும் வேலைகளுக்கு இ.சி.எஸ். டாஸ்க் பதிவை எடுப்பேன். நாள்கணக்கில் ஓடும் சேவைகளுக்குப் பாட் பதிவை. எதை எடுத்தாலும் முதல் நாளே பதிவை வெளியே சேமிக்கும் ஏற்பாட்டைச் செய்துவிடுவேன். இ.சி.எஸ். என்றால் டாஸ்க் நிலை மாறும்போதெல்லாம், அமேசானின் செய்தி கடத்தும் சேவையான ஈவென்ட்பிரிட்ஜுக்கு வரும் செய்தியை ஒரு லாக் குழுவுக்குத் திருப்ப ஒரு விதி போதும். அந்தச் செய்திகள் இருமுறை வரலாம், வரிசை மாறியும் வரலாம். ஒவ்வொன்றிலும் உள்ள வெர்ஷன் என்ற எண், நிலை மாறும்தோறும் ஏறிக்கொண்டே போகும். சேமிக்கும்போது நேரத்தை அல்ல, அந்த எண்ணை வைத்து வரிசைப்படுத்துங்கள்.