செர்ரிப் பலகையா, தேக்குப் பலகையா: சிங்கப்பூர் ஈரத்தில் ஒரு 4×5 மரக் கேமரா

4×5 அங்குலத் தனித்தாள் ஃபிலிமில் படமெடுக்கும் பெரிய மரக் கேமராவைக் கையால் செய்யப் புறப்படுபவர் முதலில் தடுமாறுவது மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போதுதான். நான் இதுவரை இரண்டு செய்திருக்கிறேன். முதலாவது அமெரிக்கச் செர்ரியில், இரண்டாவது பழைய தேக்கில். இப்போது முக்காலியில் ஏறுவது தேக்குதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செர்ரியிடம் நான் சற்றுக் கடுமையாக நடந்துகொண்டால் காரணம் தெரிந்திருக்கட்டும்.

எளிதாகத் தெரியும் வேறுபாடுகளை விரைவாகக் கடந்துவிடலாம். செர்ரி இழைப்புளிக்கு இணங்கி வரும். வெளிச்சம் படப்பட நிறம் ஆழ்ந்து சிவக்கும். ஜப்பானின் தச்சிஹாரா கேமராக்கள் அந்த மரத்தில் வந்தவைதான். தேக்கு ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 650 கிலோ, செர்ரி 560 கிலோ. முடிந்த கேமராவில் அது எனக்கு 300 கிராம் கூடுதல் சுமையானது. தேக்கிலுள்ள சிலிக்கா உளியை மழுக்கிவிடும், அதன் எண்ணெய் பசையைப் பிடிக்கவிடாது. ஒட்டுவதற்குச் சற்று முன்பு அசிட்டோன் தோய்த்த துணியால் துடைத்தே தீர வேண்டும். விலையை நான் நேர்மையாக ஒப்பிட முடியாது, ஏனெனில் என் தேக்கு எங்கள் புளோக்கின் கீழே யாரோ கழித்துப் போட்ட மேசையிலிருந்து, பழைய சாமான் வாங்கும் கரங்குனிக்காரர் வருவதற்குள் எடுத்துக்கொண்டது.

தீர்ப்பை எழுதியது ஈரம். செர்ரிக் கேமராவைக் குளிரூட்டிய படுக்கையறையில் செய்தேன். அடித்தளப் பலகை இரண்டு பக்கச் சட்டங்களுக்கு நடுவே பட்டுப்போல் ஓடும்படி, பக்கத்துக்குக் கால் மில்லிமீட்டர் மட்டும் இடம் விட்டு இழைத்திருந்தேன். டிசம்பர் மழையில் இரண்டு வாரம் அது சன்னல் திறந்த கூடத்தில் இருந்தது. பிறகு ஒரு காலை மெக்ரிட்சி நீர்த்தேக்கக் கரையில் முக்காலியை நிறுத்தி, குவியத் திருகைத் திருப்பினால், பலகை அசையவில்லை. அழுத்தித் திருப்பியதில் பித்தளைப் பல்சக்கரத்தின் திருகு மரத்தைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தது. படம் எடுக்காமலே வீடு திரும்பினேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தபோது வியப்புக்கு இடமே இருக்கவில்லை. குளிரூட்டிய அறையில் மரம் தன் எடையில் 10 விழுக்காடு அளவுக்கு ஈரம் வைத்திருந்தால், இங்குள்ள மழைக்காலக் காற்றில் அது 16, 17 வரை ஏறும். பச்சை மரம் முற்றிலும் உலரும்போது, ஆண்டு வளையத்தின் போக்கில் செர்ரி ஏறத்தாழ 7 விழுக்காடு சுருங்கும், தேக்கு 5; வளையத்துக்குக் குறுக்கே செர்ரி 3.7, தேக்கு 2.6. எனக்கு ஏறிய ஈரத்துக்கு அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு என்று 110 மில்லிமீட்டர் அகலப் பலகைக்குப் பொருத்தினால், என் செர்ரிப் பலகை ஒன்றரை மில்லிமீட்டர் உப்பியிருக்க வேண்டும். நான் விட்டிருந்த இடம் மொத்தமே அரை மில்லிமீட்டர்.

இங்கேதான் கப்பல் பட்டறையில் தச்சு வேலை பார்த்த என் மாமனார் குறுக்கிட்டார். செர்ரிப் பலகையின் வெட்டுமுகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வளையம் படுத்துக் கெடக்கு மாப்ளே, நிக்கிற பலகையா பார்த்து எடுங்க" என்றார். அவர் சொன்னது மரத்தின் பெயரைவிட முக்கியம். வளையங்கள் பலகை முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்த செர்ரி, அதே அகலத்தில் 0.8 மில்லிமீட்டர்தான் உப்பும். படுத்த வளையமுள்ள தேக்கோ 1.2 மில்லிமீட்டர் உப்பும். ஆகவே "தேக்கு அசையாது" என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதும் தவறுதான். நின்ற வளையத் தேக்கு 0.6 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது என்பதால் நான் அதற்கு மாறினேன்.

ஃபிலிம் தாளைத் தாங்கும் உறையான ஃபிலிம் ஹோல்டர் உட்காரும் பின்சட்டகத்தைப் பற்றி நான் பயந்தது வீண். குவியம் பார்க்க உதவும் தேய்த்த கண்ணாடியின் முகம் ஏறத்தாழ 4.8 மில்லிமீட்டர் ஆழத்தில் நிற்க வேண்டும். அவ்வளவு மெல்லிய மரத்தில் ஈரம் செய்யும் மாற்றம் நூறில் சில பங்கு மில்லிமீட்டர்தான். லென்ஸை நன்றாகத் திறந்த எஃப் 5.6-இல்கூட அது படத்தில் தெரியாது. முழுப் பலகையாக இருக்கும் அடித்தளமும் லென்ஸ் பலகையுமே கவனிக்க வேண்டியவை.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் தயாரிப்பாளர்கள் வெப்பமண்டல நாடுகளுக்கென்றே தோல் போர்த்தாத, பித்தளை கட்டிய தேக்குக் கேமராக்களை விற்றார்கள். மரியன் நிறுவனத்தின் சோஹோ டிராபிக்கல் ரிஃப்ளெக்ஸ் அவற்றில் பெயர்பெற்றது. பசையை மட்டும் நம்பாமல் மூட்டுகளைப் பித்தளையால் இறுக்கியதை அதில் பார்த்துத்தான் நானும் மூலைகளில் பித்தளைத் தகடு அடித்தேன்.

பராமரிப்பில் நம்மூர்ப் படக்காரர்கள் செய்யும் ஒரு பிழையை நானும் செய்தேன்: லென்ஸுக்குப் பூஞ்சை பிடிக்குமே என்று கேமராவையும் சேர்த்து, ஈரப்பதத்தைக் குறைத்து வைக்கும் டிரை கேபினட்டில் பூட்டினேன். 45 விழுக்காட்டு ஈரப்பதத்தில் ஒரு மாதம் கிடந்த மரம் சுருங்கி, லென்ஸ் பலகையின் ஓரத்தில் வெளிச்சம் கசிந்தது. இப்போது லென்ஸ் மட்டுமே கேபினட்டுக்குள். கேமரா கூடத்து அலமாரியில், துணிப் பையில்.

தேக்கு இரண்டு மழைக்காலத்தைத்தான் கண்டிருக்கிறது, அதனால் பத்தாண்டுக்கு உறுதி சொல்ல மாட்டேன். அமெரிக்க டியர்டார்ஃப் கேமராக்களின் மகோகனி மரத்தில் நான் கைவைத்ததே இல்லை. இரவும் பகலும் குளிரூட்டி ஓடும் வீட்டில் வைத்து, அறைக்குள்ளேயே படமெடுப்பவருக்குச் செர்ரி தாராளமாகப் போதும்; எடை குறைவு என்பது அவருக்கு இலாபம்கூட. வெளியே தூக்கிச் செல்பவர் எந்த மரமானாலும் நின்ற பலகையாகத் தேடி, மழை நாளில் இழைத்துப் பொருத்தி, பக்கத்துக்கு அரை மில்லிமீட்டர் விட்டு, ஓரங்களில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிடட்டும். செர்ரியின் முன்சட்டகம் வீணாகவில்லை. அது இப்போது தேக்கு உடலில் லென்ஸைத் தாங்குகிறது.