ஒன்பது ஆண்டுகள், ஏழு ஜீப் பயணங்கள்: திருகோணமலையிலிருந்து மின்னேரியாவுக்கும் கவுடுல்லைக்கும்

திருகோணமலை உவர்மலையில் வசிக்கும் எமது குடும்பத்துக்கு ஆவணி மாதம் விருந்தினர் மாதம். கனடாவிலிருந்து அண்ணன் குடும்பமும் யாழ்ப்பாணத்திலிருந்து சித்தியின் பிள்ளைகளும் அப்போதுதான் வருவார்கள். கோணேசர் கோவில், கன்னியா வெந்நீரூற்று, நிலாவெளிக் கடற்கரை, புறாத்தீவு என்று இரண்டு நாட்கள் கழிந்ததும், மூன்றாம் நாள் யாராவது ஒருவர் யானை பார்க்கப் போகலாமா என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அவ்வாறு 2015 முதல் 2024 வரை ஏழு தடவைகள், வழிகாட்டியுடன் கூடிய ஜீப் பயணமாக, மின்னேரியா, கவுடுல்லை ஆகிய தேசிய பூங்காக்களுக்கும் ஒருமுறை ஹுருலு வனப் பூங்காவுக்கும் சென்று வந்திருக்கிறேன். பெருந்தொற்றும் அதன் பின்னர் வந்த எரிபொருள் தட்டுப்பாடும் காரணமாக 2020 முதல் 2022 வரை போகவில்லை. ஒரே பயணத்தை வெவ்வேறு பருவங்களிலும் வெவ்வேறு சாரதிகளுடனும் திரும்பத் திரும்பச் செய்ததால், முதல் தடவையில் புலப்படாத சில விடயங்கள் பின்னர் தெளிவாயின. திருகோணமலையிலிருந்து புறப்பட எண்ணுவோருக்குப் பயன்படும் என்பதற்காகவே அவற்றை எழுதுகிறேன்.

முதலில் பாதை. திருகோணமலையிலிருந்து, ஜீப்புகள் புறப்படும் ஊரான ஹபரணை ஏறத்தாழ 85 கிலோமீட்டர். தம்பலகாமச் சந்தி, முள்ளிப்பொத்தானை, கந்தளாய், கல்லோயாச் சந்தி என்று செல்லும் வீதி நன்றாக இருப்பதால், வழியில் தயிர்ச் சட்டி வாங்க நிறுத்தினாலும் இரண்டு மணித்தியாலத்தில் சென்றுவிடலாம். கவுடுல்லைக்குப் போவதாயின் ஹபரணை வரை செல்லத் தேவையில்லை. கல்லோயாச் சந்திக்கு அருகிலேயே திரும்பிவிடலாம். நாம் வீட்டில் சோற்றுப் பொதி கட்டிக்கொண்டு பதினொரு மணியளவில் வானில் புறப்படுவோம். காலையில் அவசரப்பட்டுச் செல்வதில் பயனில்லை என்பதை இரண்டாம் பயணத்திலேயே கற்றுக்கொண்டோம். வெயில் ஏறிய நேரத்தில் யானைகள் காட்டின் நிழலுக்குள் நிற்கும். பிற்பகல் மூன்று மணிக்குப் பின்னர்தான் அவை குளத்து வெளியை நோக்கி இறங்கத் தொடங்கும். பூங்கா மாலை ஆறு மணிக்கு மூடப்படும் என்பதால், அந்த மூன்று மணித்தியாலங்களே பயணத்தின் சாரம்.

எந்தப் பூங்கா என்பதைத் தீர்மானிப்பது நீர்தான். மின்னேரியாக் குளமும் கவுடுல்லைக் குளமும் மகாசேன மன்னன் கட்டுவித்தவை என்று வரலாறு கூறும். மழையில்லாத மாதங்களில் நீர் வயலுக்குப் போகப் போகக் குளம் சுருங்கும். சுருங்கிய இடத்தில் ஈரம் காயாத மண்ணில் இளம் புல் முளைக்கும். சுற்றியுள்ள காடுகள் காய்ந்து கிடக்கும் ஆடி, ஆவணி, புரட்டாதி மாதங்களில் யானைகள் அந்தப் புல்லுக்காகவும் நீருக்காகவுமே நூற்றுக்கணக்கில் மின்னேரியாவில் கூடுகின்றன. ஐப்பசியில் மழை தொடங்கி மின்னேரியா நிரம்பும்போது புல்வெளி நீரில் மூழ்குகிறது. யானைகள் கவுடுல்லைப் பக்கம் நகர்கின்றன. மார்கழி, தை மாதங்களில் இரண்டு இடங்களிலும் நீர் பெருகிவிட்டால் ஹுருலுப் பக்கத்தில்தான் அவற்றைக் காண முடியும். மின்னேரியா 1997இலும் கவுடுல்லை 2002இலும் தேசிய பூங்காக்களாக அறிவிக்கப்பட்டன. மனிதர் வகுத்த எல்லைகள் அவை. யானைகளுக்கு இவையனைத்தும் சேர்ந்து ஒரே வாழிடம். ஆகவே ஒரு குறிப்பிட்ட பூங்காவின் பெயரைச் சொல்லி வெளியூரிலிருந்தே முன்பதிவு செய்வதைவிட, புறப்படும் நாளுக்கு முதல் நாள் மாலை சாரதியை அழைத்து யானைகள் எந்தப் பக்கம் நிற்கின்றன என்று கேட்டுத் தீர்மானிப்பதே சரியானது. நாம் ஒருமுறை இதைச் செய்யத் தவறி, ஐப்பசி நடுப்பகுதியில் மின்னேரியாவுக்குள் சென்று மூன்று மணித்தியாலத்தில் நான்கு யானைகளை மட்டும் பார்த்தோம். அதே மாலையில் கவுடுல்லையில் பெருங்கூட்டம் நின்றதாகத் திரும்பும் வழியில் தேநீர்க் கடையில் சொன்னார்கள்.

2018இல் மொரகஹகந்த நீர்த்தேக்கம் திறக்கப்பட்ட பின்னர் இந்தக் கணக்கும் முன்போல் அமைவதில்லை. கோடையிலும் அங்கிருந்து நீர் திறந்துவிடப்படும்போது மின்னேரியாவின் நீர்மட்டம் உயர்ந்தே நிற்கிறது. புல் முளைக்க வேண்டிய நிலம் நீருக்கடியில் கிடக்கிறது. பிந்திய பயணமொன்றில், முன்னர் ஜீப் ஓடிய வெளியின் பெரும்பகுதி நீராகவே இருந்ததைக் கண்டு நான் திகைத்துப்போனேன். கரையோரமாக ஒடுங்கிய புல்பட்டையில் யானைகள் நெருங்கி நின்றன; சிலவற்றின் முதுகெலும்பு துருத்தித் தெரிந்தது. அதே நீர்த்தொடர்தான் கவுடுல்லை வழியாகக் கந்தளாய்க் குளத்துக்கும், அங்கிருந்து தம்பலகாமத்து வயல்களுக்கும் வருகிறது. எமது வீட்டு அரிசி அந்த வயல்களில் விளைந்தது என்பதால் விவசாயியைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆயினும், கோடையின் சில வாரங்களுக்காவது நீர்மட்டத்தைத் தாழ்த்தி வைக்க வழி காணப்பட வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன்.

அடுத்தது வழிகாட்டி. ஏழு பயணங்களின் தரத்தையும் நிர்ணயித்தது யானைகளின் எண்ணிக்கையல்ல, ஜீப்பை ஓட்டியவரே என்பது எனது உறுதியான முடிவு. முதற்பயணத்தில் வாய்த்தவர் வேகமானவர். எந்தத் திசையிலிருந்தாவது கைபேசி அழைப்பு வந்தால் உடனே அங்கு பறப்பார். கூட்டத்தை நெருங்கியதும் நாம் படம் எடுத்து முடித்தோமா என்று கேட்டுவிட்டு அடுத்த கூட்டத்துக்கு ஓட்டுவார். அன்று நூற்றுக்கும் மேற்பட்ட யானைகளைப் பார்த்தோம். வீடு திரும்பியபோது தூசியும் முதுகுவலியும் தவிர எதுவும் மனதில் தங்கவில்லை. இன்னொரு பயணத்தில் எமது ஜீப் உட்பட இருபதுக்கு மேற்பட்ட வாகனங்கள் ஒரு கூட்டத்தைச் சுற்றி வளைத்து நின்றன. குட்டியுடன் நின்ற தாய் யானை காதுகளை விரித்து, தும்பிக்கையை உயர்த்திப் பிளிறியபடி எம்மை நோக்கிச் சில அடிகள் ஓடிவந்தது. சாரதி ஜீப்பைப் பின்னுக்கு எடுக்க இடமில்லை. பின்னால் மூன்று ஜீப்புகள் நின்றன. அது தானாகவே நின்று திரும்பியது. எனது மருமகள் அன்று இரவு முழுவதும் உறங்கவில்லை. பிழை யானையுடையது அல்ல. காட்டுக்குத் திரும்பும் வழியை அடைத்து நின்றவர்கள் நாங்கள்.

அதன் பிறகு, கந்தளாயைச் சேர்ந்த தமிழ் பேசும் சாரதி ஒருவர் நண்பர் மூலமாக அறிமுகமானார். கடைசி மூன்று பயணங்களும் அவருடன்தான். தமிழர் குடும்பமொன்றுக்கு இது சிறிய வேறுபாடு அல்ல. ஹபரணையில் பெரும்பாலான சாரதிகள் சிங்களமும், வெளிநாட்டவருக்குப் போதுமான ஆங்கிலமும் பேசுவார்கள். நல்ல மனிதர்கள், ஆனால் எமது அம்மாவுக்கு அவர்கள் சொல்வதை நான் பின்னாலிருந்து மொழிபெயர்த்து முடிப்பதற்குள் காட்சி கடந்துவிடும். இவர் அம்மாவுடன் நேரடியாகப் பேசினார். வெளியின் ஓரத்தில், காற்று எம்மிடமிருந்து யானைகளுக்கு வீசாத பக்கமாக ஜீப்பை நிறுத்தி, இயந்திரத்தை அணைத்துவிட்டு, “அம்மா, கொஞ்சம் பொறுங்க. இப்ப அதுதான் நம்மளப் பார்க்குது. பார்த்து முடிச்சா தன் வேலையப் பார்க்கும்” என்றார். பத்து நிமிடங்களில் அவ்வாறே நடந்தது. யானை புல்லைத் தும்பிக்கையால் சுற்றிப் பிடித்து, முன்காலின் நகத்தால் வேரோடு தட்டிப் பெயர்த்து, பின்னர் மண் உதிரும்வரை காலில் அடித்து அடித்து வாயில் வைத்ததை அன்றுதான் முதன்முறையாகக் கவனித்தோம். மணலோடு தின்றால் பல் விரைவில் தேய்ந்துவிடும் என்றும், குட்டிகள் இந்த வித்தையைப் பெரியவற்றைப் பார்த்தே பழகுகின்றன என்றும் அவர் விளக்கினார். அருகில் ஒரு குட்டி புல்லைப் பிடுங்க முயன்று, வெறும் தும்பிக்கையையே சுழற்றிக்கொண்டு நின்றது. அம்மா அதை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

இலங்கை யானைகளில் ஆண்களிலும் மிகச் சிலவற்றுக்கே தந்தம் உண்டு என்பதால், தந்தமில்லாத பெரிய யானைகளையெல்லாம் பெண் யானைகள் என்று நாம் அதுவரை எண்ணியிருந்தோம். நெற்றியின் புடைப்பையும் உடலின் பருமனையும் கூட்டத்திலிருந்து விலகி நிற்கும் பழக்கத்தையும் வைத்து ஆணை அடையாளம் காண்பதை அவர் காட்டித் தந்தார். கன்னத்தில் மதநீர் வழிந்த கோடு தெரிந்த ஒற்றையானை வந்தபோது, எவரும் கேட்காமலே ஜீப்பை நூறு மீட்டருக்கு அப்பால் எடுத்தார். கிட்டப் போகுமாறு அண்ணனின் மகன் கெஞ்சியும் அவர் இணங்கவில்லை. அந்த மறுப்புக்காகவே அவரை மறுமுறையும் அழைத்தேன்.

யானைகளை மட்டுமே தேடுவோர் இழப்பதும் அதிகம். கவுடுல்லைக் கரையில் கூழைக்கடாக்களும் மஞ்சள்மூக்கு நாரைகளும் நத்தைகுத்தி நாரைகளும் மாலை வெயிலில் நிற்கும் அழகுக்காகவே ஒரு தொலைநோக்கியைக் கொண்டுசெல்லலாம். புள்ளிமான்களும் மரைகளும் காட்டோரத்தில் தென்படும். சிறுத்தையும் கரடியும் இருக்கின்றனவென்றாலும் ஏழு பயணங்களில் ஒன்றைக்கூட நாம் கண்டதில்லை. அவற்றை எதிர்பார்த்துச் செல்ல வேண்டாம்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜீப்புக்கான கட்டணம் தனி, நுழைவுக் கட்டணம் தனி. இலங்கை அடையாள அட்டை உடையவருக்கும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உடையவருக்கும் நுழைவுக் கட்டணத்தில் பல மடங்கு வேறுபாடு உண்டு. அண்ணன் குடும்பம் இதை வாயிலில் வைத்தே முதன்முறை அறிந்து மனம் சோர்ந்தது. இரண்டையும் சேர்த்த முழுத் தொகையைப் புறப்படுமுன்னர் கேட்டறிவது நல்லது. ஜீப்பில் ஆறு பேர் தாராளமாக அமரலாம். முதுகுவலி உள்ளவரையும் முதியவரையும் முன்வரிசையில் இருத்த வேண்டும். பின்சில்லுக்கு மேலே வரும் கடைசி இருக்கைதான் அதிகமாகத் தூக்கிப் போடும். உள்ளே சென்றபின் ஜீப்பை விட்டு இறங்க அனுமதியில்லாததால், வாயிலிலேயே கழிவறைக்குச் சென்று வருவது அவசியம். சோளகக் காற்றில் தூசி கடுமையாகப் பறக்கும். மூக்கையும் வாயையும் மூட ஒரு பருத்தித் துணி போதும்.

திரும்பும் பயணத்தையே நான் அதிகம் அஞ்சுகிறேன். ஆறு மணிக்கு வெளியே வந்து, தேநீர் குடித்துப் புறப்பட்டால், ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையிலான காட்டு வீதியை இருட்டில்தான் கடக்க வேண்டும். யானைகள் வீதியைக் குறுக்கறுக்கும் நேரமும் அதுவே. கல்லோயாப் பக்கத்து ரயில் பாதையில் 2025 பெப்ரவரியில் யானைக் கூட்டமொன்று ரயிலில் மோதுண்டு இறந்த செய்தி வந்தபோது, நாம் பிற்பகலில் பார்த்து மகிழ்ந்த கூட்டங்களுள் ஒன்றாக அது இருந்திருக்குமோ என்று அம்மா கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போதெல்லாம் வான் சாரதியிடம் மணிக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கந்தளாய்க் குளக்கட்டைத் தாண்டும்வரை முன் இருக்கையில் நான் உறங்காமல் வீதியைப் பார்த்துக்கொண்டு வருகிறேன். இரவு பயணிக்க விரும்பாதவர்களுக்கு ஹபரணையில் எல்லா விலையிலும் தங்குமிடங்கள் உள்ளன.

அடுத்த பயணத்தை ஐப்பசி முதல் வாரத்தில், கிழமை நாளொன்றில், கவுடுல்லைக்கு வைத்திருக்கிறோம். வார இறுதியைவிட ஜீப்புகள் குறைவாக இருக்கும் என்பது ஒரு காரணம். வெறும் தும்பிக்கையைச் சுழற்றிக்கொண்டிருந்த அந்தக் குட்டி புல் பிடுங்கப் பழகிவிட்டதா என்று அம்மா பார்க்க விரும்புவது மற்றக் காரணம்.