பின் லைட் ஓரம் தண்ணீர் கசியும் பழைய கார்: பியூட்டைல் டேப் எந்த அளவுக்குத் தாங்கும்?

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய காரில் ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் பிடித்தால், டிக்கி விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். பின் லைட் ஓரம் கசிந்தால் ஸ்டெப்னி குழியில் தண்ணீர் நிற்கும். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் எந்த ஹார்டுவேர் கடையில் கேட்டாலும் இதற்கு முதலில் எடுத்துக் கொடுப்பது சிலிக்கான் குழாயைத்தான். அதை வாங்காதீர்கள். இரண்டு பக்கமும் ஒட்டும் பியூட்டைல் டேப்பை வாங்குங்கள்.

சிலிக்கானைப் பிதுக்கும்போது புளிக்காடி வாடை அடித்தால், காயும்போது அசிட்டிக் அமிலம் விடுகிற வகை அது. பெயின்ட் உரிந்த தகட்டில் அந்த அமிலம் பட்டால் துரு அங்கேயே தொடங்கிவிடும். உப்புக்காற்று ஏற்கெனவே தின்றுகொண்டிருக்கும் தகட்டுக்கு அது கூடுதல் கேடு. வாடை இல்லாத நியூட்ரல் வகை தகட்டைக் கெடுக்காது. ஆனால் காய்ந்த சிலிக்கான் மேல் புதுச் சிலிக்கானும் சரியாகப் பிடிக்காது, பெயின்ட்டும் பிடிக்காது. ஒட்டிக்கொண்ட லைட்டை அடுத்த முறை கழற்றும்போது, நட் முடுக்குகிற பழைய பிளாஸ்டிக் ஸ்டட் உடைந்து கையோடு வந்துவிடும்.

பியூட்டைல் காய்வதே இல்லை. வருடக்கணக்கில் பிசினாகவே இருப்பதால் வண்டி குலுங்கினாலும் விரிசல் விடாது. சூடு காட்டினால் திரும்பக் கழன்று வரும். லைட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் வரும் கம்பெனி கேஸ்கெட் கிடைக்கிற மாடல் என்றால் அதையே போடுவது இன்னும் நல்லது. பழைய மாடல்களுக்கு அது பெரும்பாலும் கிடைப்பதில்லை.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கூரை ஒழுகலுக்கு என்று விற்கும் அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் ஒரு பக்கம் மட்டுமே பிடிக்கும். இந்த வேலைக்கு உதவாது. மெழுகுத்தாளில் சுற்றி வரும், 2 அல்லது 3 மி.மீ. கனமுள்ள பட்டையோ, ஹெட்லைட் ஒட்டுவதற்கென்று விற்கும் கயிறு மாதிரியான வகையோ வேண்டும். ஒரு லைட்டைச் சுற்றிவர ஏறக்குறைய ஒரு மீட்டர் பிடிக்கும்.

ஆனால் கசிவு லைட்டில்தானா என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். டிக்கி ரப்பர், பம்பருக்குப் பின்னால் இருக்கும், காருக்குள்ளிருந்து காற்றை வெளியே விடும் மடல், தகடு சேரும் இடத்தில் வெடித்த சீலர் எல்லாமே அதே குழிக்குத் தண்ணீரை இறக்கும். டிக்கியில் மீன் ஐஸ் பெட்டி ஏற்றுகிற வண்டியாக இருந்தால் பெட்டியின் கசிவையும் சந்தேகப்படுங்கள். உள்பக்கத் தகட்டைத் துடைத்து, லைட்டின் கீழ்விளிம்பு நெடுக முகப்பவுடரைத் தூவுங்கள். ஒருவர் உள்ளே டார்ச்சோடு பார்த்துக்கொண்டிருக்க, வெளியில் இருப்பவர் ஹோஸை மெதுவாகத் திறந்து கீழிருந்து மேலே போக வேண்டும். எடுத்த எடுப்பில் மேலே ஊற்றினால் எல்லா இடமும் நனைந்துவிடும், எங்கே நுழைந்தது என்று தெரியாது. பவுடரில் கோடு விழுகிற இடம்தான் வாசல்.

லைட்டின் கண்ணாடிக்குள் மட்டும் ஆவி படிந்து, வெயில் ஏறியதும் போய்விட்டால் கேஸ்கெட்டில் குறையில்லை. லைட்டின் அடியில் இருக்கும் சின்ன ஓட்டை காற்றும் தண்ணீரும் வெளியேறுவதற்கானது. அதை அடைத்துவிட்டால் உள்ளே மீன்தொட்டிதான்.

கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவை எடுத்துவிடுங்கள். நட் பெரும்பாலும் 8 அல்லது 10 மி.மீ. ஸ்பேனருக்கு வரும். பழைய பசை பிடித்துக்கொண்டிருந்தால் ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள். தகடு வளையும், லென்ஸ் கீறும். ஹேர் டிரையரால் சூடு காட்டி, தூண்டில் நரம்பை இடுக்கில் விட்டு ரம்பம் மாதிரி இழுத்தால் பசை அறுந்துகொடுக்கும். நரம்புக்கு நம் கரையில் பஞ்சமில்லை.

அடுத்த கட்டம்தான் இந்த ஊரில் வேலையைக் காப்பதும் கெடுப்பதும். கேஸ்கெட் உட்கார்ந்திருந்த இடத்தில் விரலை ஓட்டினால் நறநறவென்று வரும், உப்பும் மணலும். உப்பைக் கழுவாமல் பிரைமர் அடித்தால், உள்ளே தங்கிய உப்பு ஈரத்தை இழுத்துச் சில மாதங்களில் கொப்புளம் கிளப்பும். கழுவுவதற்கு போர் தண்ணீர் வேண்டாம். கரையோரத்தில் அதுவே உப்பாக இருக்கிறது. குடிக்கிற தண்ணீரில் கழுவி, துடைத்து, முழுசாகக் காயவிடுங்கள். துரு இருந்தால் 120 நம்பர் எமரித் தாளால் தேய்த்து, பிறகு 320 நம்பர், அதன்மேல் எபாக்ஸி பிரைமர். டேப் வைப்பதற்கு முன் ஒரு நாள் முழுக்க விடுங்கள். கடைசியாகத் தகட்டை மட்டும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்கலாம். மண்ணெண்ணெயில் துடைத்தால் எண்ணெய்ப் பூச்சு நின்றுபோய் டேப் பிடிக்காது. பெட்ரோலும் தின்னரும் லென்ஸ் பக்கமே போகக் கூடாது, அக்ரிலிக் முடிமுடியாக வெடித்துவிடும். லென்ஸுக்கு சோப்புத் தண்ணீர் போதும்.

டேப்பை லைட்டின் பள்ளத்தில் ஒரே துண்டாகச் சுற்றுங்கள். இழுத்து ஒட்டினால் மெலிந்துபோகும். இரண்டு முனையும் சேரும் இடத்தை அடியில் வைக்காமல் பக்கவாட்டில் வைத்து, 2 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, விரலால் பிசைந்து ஒன்றாக்குங்கள். ஒவ்வொரு ஸ்டட்டின் அடியிலும் ஒரு வளையம் போடுங்கள். ஸ்டட் ஓட்டை வழியாகவும் தண்ணீர் இறங்கும், பலர் விட்டுவிடுகிற இடம் இது. ஒயர் நுழையும் ரப்பர் வெடித்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

நட்டைக் கையால் முடுக்கி, எதிரெதிராக மாற்றி மாற்றிக் கால் சுற்று மட்டும் கொடுங்கள். கசிகிறதே என்று பலம் போட்டு முடுக்குவதால்தான் பழைய லைட் பலவும் ஸ்டட் அடியில் விரிசல் விடுகிறது. மூடுவதற்கு முன் பல்பு ஹோல்டரைப் பாருங்கள்; பச்சை பூத்திருந்தால் சுரண்டிவிட்டு மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ் தொட்டு வையுங்கள்.

டேப்புக்கும் குறை இல்லாமல் இல்லை. சித்திரை வெயிலில் கறுப்பு வண்டியில் இளகி, ஓரத்தில் பிதுங்கும். காற்றில் பறக்கும் மணல் அதில் ஒட்டி அழுக்குக் கோடாகத் தெரியும். பிதுங்கியதைப் பிளாஸ்டிக் அட்டையால் வழித்து எடுத்தால் போதும், உள்ளே இருப்பது அப்படியே நிற்கும். டிங்கரிங் செய்து பட்டி போட்ட பின்பக்கம் என்றால் தகடு சமமாக இருக்காது. 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் டேப்பை நம்பாதீர்கள், முதலில் தகட்டைச் சரிசெய்ய வேண்டும்.

பூட்டிய இரண்டாம் நாள், டேப் அமுங்கி உட்கார்ந்திருக்கும். நட் கொஞ்சம் தளர்ந்திருக்கும். இன்னொரு கால் சுற்று கொடுத்துவிட்டு, பவுடரைத் தூவி மறுபடியும் ஹோஸைத் திறந்து பாருங்கள்.