ஜியோதெர்மல் சுற்றுப் பம்ப்: இரண்டைக் கழற்றிவிட்டு ஒன்றைப் போட்டதில் கண்டவை

வீடு ஒன்ராறியோவில், பீற்றர்பரோவுக்கு வெளியே, எரிவாயுக் குழாய் வராத பகுதியில். மண்ணின் சூட்டை எடுத்து வீட்டைச் சூடாக்கும் 4 டன் ஹீட் பம்ப் (டன் என்பது எடை அல்ல, அதன் வலுவின் அளவு). வளவுக்குக் கீழே கிடையாகப் புதைத்த முக்கால் அங்குலக் குழாய்ச் சுற்றுகள் நான்கு, உள்ளே, உறையாமல் இருக்க மெதனோல் கலந்த தண்ணீர். பல குளிர்காலம் பாவித்தாயிற்று. ஹீட் பம்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஒழுங்காக ஓடுகிறது. சொல்ல இருப்பதெல்லாம் அந்தத் தண்ணீரைச் சுற்றவைக்கும் பம்பைப் பற்றித்தான்.

பூட்டித் தந்தவர்கள் ஒரே வேகத்தில் ஓடும் பம்புகள் இரண்டைத் தொடராகப் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் 245 வாட். ஹீட் பம்ப் ஓடும் நேரமெல்லாம் 490 வாட் இதற்கே போகும். ஹைட்ரோ பில்லை, அதாவது மின்சாரக் கட்டணத்தை, பார்த்த பிறகுதான் இவ்வளவு தேவையா என்ற கேள்வி வந்தது.

டன்னுக்கு நிமிடத்துக்கு 3 கலன் தண்ணீர் ஓட வேண்டும் என்பது பொதுக் கணக்கு. 4 டன்னுக்கு 12 கலன், அதாவது 45 லீற்றர் அளவு. ஹீட் பம்பின் குழாய்களில் ஊசி குத்தி அளக்கும் சிறு துளைகள் இருக்கும். உள்ளே போகும் அழுத்தத்துக்கும் வெளியே வருவதற்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து, தயாரிப்பாளரின் அட்டவணையில் பார்த்தால் ஓட்டம் தெரிந்துவிடும். எங்களுடையது 16 கலன். உள்ளே போகும் தண்ணீருக்கும் வெளியே வருவதற்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசமும் 2 டிகிரிதான் காட்டியது. 3 டிகிரி வரும் அளவுக்கு ஓட்டம் இருந்தாலே போதும், அதாவது தேவைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. குழாய் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பயந்து பெரிய பம்ப் வாங்கத் தேவையில்லை. மூடிய சுற்றில் இறங்கும் தண்ணீர் ஏறுவதைச் சமப்படுத்திவிடும், மிச்சம் உராய்வு மட்டுமே. அதற்காக ஓட்டத்தை ஒரேயடியாகக் குறைக்கவும் கூடாது. குழாய்க்குள் தண்ணீர் புரளாமல் சும்மா வழுக்கிப் போனால் மண்ணின் சூடு சரியாக உள்ளே வராது. மெதனோலுக்குப் பதில் புரோப்பிலீன் கிளைக்கோல் விட்டவர்களுக்கு இது இன்னும் சிக்கல். குளிரில் அது தடித்துவிடும்.

தெரிவு செய்யும்போது நான் முதலில் பார்த்தது விலையையோ வாட்டையோ இல்லை, எவ்வளவு குளிர்ந்த திரவத்தைத் தாங்கும் என்பதை. வெந்நீர் ரேடியேற்றருக்குச் செய்த சிக்கனப் பம்புகள் பலவற்றின் கீழெல்லை 2 டிகிரி. எங்கள் சுற்று பெப்ரவரியில் பூச்சியத்துக்குக் கீழே போகும். கிரண்ட்ஃபொஸ் நிறுவனத்தின் மேக்னா3 என்ற, வேகத்தை மாற்றக்கூடிய எலெக்ட்ரோனிக் பம்ப் மைனஸ் 10 வரை தாங்கும் என்பதால் அதையே எடுத்தேன். விலை குறைவில்லை. வேகத்தை 12 கலன் வரும்படி வைத்ததும் 150 வாட் அளவில் நின்றுவிட்டது. ஆண்டுக்கு 2,500 மணித்தியாலம் ஓடினால் 850 கிலோவாட் மணி மிச்சம்.

வயரிங்கில்தான் பலர் தடுமாறுவார்கள். ஹீட் பம்பில் சுற்றுப் பம்புக்கென்று இருக்கும் முனைகளில் ஹீட் பம்ப் ஓடும்போது 240 வோல்ட் வரும், நின்றால் போய்விடும். பழைய பம்பை அதில் நேரே பூட்டலாம். எலெக்ட்ரோனிக் பம்பை அப்படிப் பூட்டினால் ஒவ்வொரு முறையும் மின்சாரத்தையே வெட்டி வெட்டி விடுவதாகிவிடும்; மணிக்கு 4 தடவைக்கு மேல் அப்படிச் செய்யக்கூடாது என்று கையேடே சொல்கிறது. ஆகவே பம்புக்குத் தனி இரட்டை பிரேக்கரிலிருந்து நிரந்தர மின்சாரம். ஹீட் பம்பின் அந்த முனைகள் 240 வோல்ட் சுருள் உள்ள ஒரு ரிலேயை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) மட்டும் இயக்கும். ரிலேயின் மின்சாரம் இல்லாத தொடுகை பம்பின் ஸ்டார்ட், ஸ்டொப் உள்ளீட்டுக்குப் போகும். கறுப்பு, சிவப்பு இரண்டுமே உயிர்க்கம்பிகள், நியூட்ரல் கிடையாது என்பதை மறக்க வேண்டாம். பிறகு திறப்பவருக்காக, இரண்டு பிரேக்கரையும் நிறுத்தச் சொல்லிப் பெட்டியில் ஒரு தாளும் ஒட்டியிருக்கிறேன். ஒன்ராறியோவில் சொந்த வீட்டில் நாமே செய்யலாம், ஆனால் மின் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டும்.

குறை என்றால் வியர்வை. குளிர்காலத்தில் காற்றின் ஈரம் படிந்து பம்பின் உடல் நனைந்தே இருக்கும். பம்பின் சுழலும் தண்டு கிடையாக இருக்க வேண்டும், மின்பெட்டி கீழே பார்க்கக்கூடாது. இல்லாவிட்டால் சொட்டுவதெல்லாம் அதற்குள் போகும். உடலைச் சுற்றி நுரை உறை போட்டேன், எலெக்ட்ரோனிக் தலையை மட்டும் மூடவில்லை.

ஒற்றைப் பம்போடு 2 டன் அமைப்பு வைத்திருப்பவர்கள் இதற்காகக் காசு செலவழிக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன், போட்ட காசு திரும்ப நாளாகும். பழைய இரண்டையும் நான் விற்கவில்லை. ஜனவரியில் புதியது நின்றுபோய், மாற்றுப் பொருள் வர ஒரு வாரம் என்று கடையில் சொன்னால் அவைதான் கைகொடுக்கும்.