தனிப் பாதையா, சைக்கிள் தெருவா?

சைக்கிளுக்கு இடம் கொடுக்க முன்வரும் ஊர்கள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கு நடுவில்தான் தடுமாறுகின்றன. ஒன்று டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகன் பாணித் தனிப் பாதை, இன்னொன்று நெதர்லாந்தின் சைக்கிள் தெரு.

அமைப்பு
தனிப் பாதை: சாலையைவிடச் சற்று உயரம், நடைபாதையைவிடச் சற்றுத் தாழ்வு. இரு ஓரத்திலும் விளிம்புக்கல்.
சைக்கிள் தெரு: பெரும்பாலும் தெரு முழுக்கச் சிவப்புத் தார். கார் வரலாம், ஆனால் பலகை அதை 'விருந்தாளி' என்கிறது.

செலவு
தனிப் பாதை: அதிகம். கல் பதிக்க வேண்டும், மழைநீர் வடிகாலையும் மாற்ற வேண்டியிருக்கும்.
சைக்கிள் தெரு: குறைவு.

பாதுகாப்பு
தனிப் பாதை: பஸ், லாரி ஓடும் சாலையிலும் நிம்மதி. சந்திப்பில் திரும்பும் வண்டிகள்தான் ஆபத்து.
சைக்கிள் தெரு: வேகம் மணிக்கு 30 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். குறுக்குவழியாகப் பாயும் கார்களை வேறு சாலைக்குத் திருப்பாவிட்டால் சிவப்பு நிறம் வெறும் பூச்சுதான்.

தெருவின் குணம்
எனக்கு இதுதான் முக்கியம். கோபன்ஹேகனின் நோரப்ரோகேடு சாலையில் மணிக்கு 20 கிலோமீட்டரில் மிதித்தால் காலையில் நகர மையம்வரை பச்சை விளக்கு தொடரும். அருமையான வசதி, ஆனால் அது ஓட்டத்துக்கான இடம். சைக்கிள் தெருவிலோ அம்மாவும் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டே போகலாம்.

நெரிசலான பெருஞ்சாலைக்குத் தயங்காமல் தனிப் பாதை போடுங்கள். வீடுகளும் பள்ளியும் உள்ள தெருவுக்குச் சைக்கிள் தெருவே சரி.